ஸ்மார்ட் போர்டா, புரொஜெக்டரா, பென் டேப்லெட்டா: வகுப்புக்கு எதை வாங்கலாம்?

"ஸ்மார்ட் போர்டு போடலாம்னு இருக்கோம், எது நல்லது?" என்று டியூஷன் சென்டர் நடத்துபவர் ஒருவர் கடையில் போய்க் கேட்டால், "65 இன்ச்சா சார், 75 இன்ச்சா?" என்றுதான் பேச்சு தொடங்கும். என்னிடம் கேட்டால் நான் முதலில் கேட்பது வேறு. அந்தப் பலகையை யார் தொடப் போகிறார்கள்? ஆசிரியர் மட்டுமா, மாணவர்களுமா? ஒரு மாணவர் எழுந்து வந்து தொடும்போது மீதி 39 பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. மீதியை உங்கள் அறையின் நீளமும் ஜன்னலுமே சொல்லிவிடும்.

இன்று நம் ஊர்ச் சந்தையில் இருக்கும் வழிகளை முதலில் பார்த்துவிடலாம். ஒன்று, எல்லோரும் ஸ்மார்ட் போர்டு என்று சொல்லும் தொடுதிரைப் பேனல். பெரிய டிவி மாதிரி இருக்கும், உள்ளேயே ஆண்ட்ராய்டு ஓடும், விரலாலோ பேனாவாலோ எழுதலாம். இரண்டு, புரொஜெக்டரும் அதன் வெளிச்சம் விழும் இடத்தில் மாட்டிய தொடு பலகையும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பணக்காரப் பள்ளிகளில் வந்தது இதுதான். மூன்று, சாதாரண டிவி அல்லது புரொஜெக்டரை லேப்டாப்பில் இணைத்து, மேசைமேல் பென் டேப்லெட் என்ற திரையில்லாத எழுதுபலகையை வைத்து எழுதுவது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பலர் வாங்கி, இப்போது அலமாரியில் தூங்கும் அதே சின்னப் பலகைதான். நான்கு, கையில் பேனாவுடன் கூடிய ஒரு டேப்லெட், அதன் திரையை வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்புவது.

விலையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 75 இன்ச் பேனல் பிராண்டைப் பொறுத்துச் சுமார் ஒரு லட்சத்தில் தொடங்கி இரண்டு லட்சத்தைத் தொடும். நல்ல ஷார்ட் த்ரோ (சுவருக்கு அருகிலிருந்தே படம் போடும்) புரொஜெக்டரும் தொடு பலகையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 55 இன்ச் டிவியும் பென் டேப்லெட்டும் ஐம்பதாயிரத்துக்குள் முடித்துவிடலாம். டிவியோ புரொஜெக்டரோ ஏற்கெனவே இருந்தால் ஐயாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அந்த ஐயாயிரத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையிலான தொகைக்குப் பாடம் எவ்வளவு நன்றாக ஆகிறது என்பதுதான் கேள்வி.

லண்டனில் நடந்தது

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே பெரிய செலவு செய்து கேட்டுப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 2003-04இல் லண்டன் மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் வகுப்புகளுக்கு இந்தப் பலகைகளை அரசுத் திட்டமாகவே மாட்டினார்கள். அதன் பலன் என்ன என்று லண்டன் கல்வியியல் நிறுவனம் ஆராய்ந்து 2007இல் அறிக்கை கொடுத்தது. பலகை வந்த முதல் ஆண்டில் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. புதுசாக இருந்த வரைக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் இருந்தது, அது நீடிக்கவில்லை. அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. மெதுவாகக் கற்கும் பிள்ளைகள் இருந்த வகுப்புகளில் ஒவ்வொருவராக வந்து பலகையைத் தொட்டுவிட்டுப் போனதில் பாடத்தின் வேகமே குறைந்துபோனதாம்.

நம் வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். 40 பேர், 45 நிமிடம். ஒருவர் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நெளிந்து வந்து, பேனாவை வாங்கி, ஒரு பெட்டியை இழுத்துச் சரியான இடத்தில் விட்டு, திரும்பிப் போய் உட்கார ஒரு நிமிடமாவது ஆகும். பத்துப் பேரைக் கூப்பிட்டால் வகுப்பில் கால்வாசி போய்விட்டது. மீதி 30 பேருக்கு அது வேடிக்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வகுப்பு கலகலப்பாகத் தெரியும். தாளாளர் வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்.

இதனால் பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடுவது ஒருவர்தான் என்றாலும் யோசிப்பது எல்லோரும் என்று ஆக்கத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் அது காசுக்குத் தகும். அப்படி ஆக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் எதை வாங்குவது என்பது இதில்தான் தொங்குகிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம். ஜியோஜீப்ராவில் y = ax² + bx + c என்று போட்டு a, b, c மூன்றுக்கும் நகர்த்தும் பட்டை வைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருள்தான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 2001இல் ஒரு மாணவரின் ஆய்வேட்டு வேலையாகத் தொடங்கியது. வழக்கமாக என்ன நடக்கும்? ஆசிரியர் பட்டையை இழுப்பார், வளைவு ஆடும், பிள்ளைகள் "ஆ" என்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, இழுப்பதற்கு முன் நிறுத்துங்கள். "a-வை 1-லிருந்து 3-க்குக் கொண்டுபோகப் போகிறேன். வளைவு விரியுமா, குறுகுமா? நோட்டில் வரைந்து வையுங்கள்." ஒரு நிமிடம் கொடுங்கள். விரியும் என்பவர்கள் கை தூக்கட்டும், குறுகும் என்பவர்கள் கை தூக்கட்டும். அதற்கப்புறம்தான் ஒருவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்ல வேண்டும். இப்போது அந்தப் பட்டை நகரும்போது 40 பேரும் தன் பதில் சரியா என்று பார்க்கிறார்கள். a பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் வளைவு நேர்கோடாகிவிடுவதை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. யாராவது ஒருவர் கத்துவார்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) செயல்முறைகளுக்கும், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளுக்கும், இதே வழிதான். மின்சுற்றுப் பாடத்தில் ஒரு பேட்டரி, இரண்டு பல்பு. தொடர் இணைப்பில் இருப்பதைப் பக்க இணைப்பாக மாற்றினால் வெளிச்சம் கூடுமா குறையுமா என்று எழுதி வைத்த பிறகு மாற்றுங்கள். இவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன, இணையம் இல்லாமலும் ஓடும்.

இந்த மாதிரி வகுப்பில் பலகையைத் தொடுவது மொத்தமே ஐந்தாறு தடவைதான். அந்த ஐந்தாறு தடவைக்கு ஒன்றரை லட்சம் பேனல் வேண்டுமா, மவுஸும் டிவியும் போதாதா என்று கேட்டால், மேல் வகுப்புகளுக்குப் போதும் என்பதே என் பதில். தொடக்கப் பள்ளிக்கு அந்தப் பதில் பொருந்தாது. இரண்டாம் வகுப்புக் குழந்தை 'ழ'வை விரலால் எழுதிப் பார்ப்பதும், பழங்களை இழுத்துக் கூடையில் போட்டு எண்ணுவதும் கையால் செய்ய வேண்டிய வேலைகள். அங்கே தொடுதிரைக்கு ஈடு இல்லை. தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு இத்தகைய திரைகள் போவது அந்த வகையில் சரியான இடம்தான். ஆனால் மாட்டும்போது உயரத்தைக் கவனியுங்கள். வேலைக்கு வருபவர் தன் கண் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போவார். அப்புறம் எட்டு வயதுக் குழந்தைக்குக் கீழ்ப்பாதி மட்டும்தான் எட்டும். சின்ன வகுப்புகளுக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் தாழ்த்தி வைப்பது நல்லது. வகுப்பு விட்டு வகுப்புக்குத் தள்ளிக்கொண்டும் போகலாம்.

பேனலின் நல்லதும் கெட்டதும்

பேனலின் முதல் பெருமை, ஜன்னலைச் சாத்த வேண்டாம் என்பது. பகல் வெளிச்சத்திலும் எழுத்து பளிச்சென்று தெரியும். அறையை இருட்டாக்கிப் பாடம் நடத்தினால் மதியம் இரண்டு மணி வகுப்பில் என்ன ஆகும் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். இன்னொன்று, சுவிட்சைப் போட்டால் அரை நிமிடத்தில் எழுதத் தொடங்கிவிடலாம். வயர் தேடும் வேலை இல்லை.

குறை என்னவென்றால் அளவு. 75 இன்ச் என்பது மூலைக்கு மூலை. அகலம் ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவு, உயரம் மூன்றடி. நம் வகுப்புக் கரும்பலகை பன்னிரண்டு அடி இருக்கும். ஒரு தேற்றத்தை நிறுவும்போது கரும்பலகையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண்ணெதிரே நிற்கும். பேனலில் பாதியிலேயே பக்கம் நிறைந்துவிடும், அடுத்த பக்கம் போக வேண்டும். போன உடனே பின்னாலிருந்து குரல் வரும்: "சார், எழுதிட்டு இருக்கோம், மாத்தாதீங்க!" கணக்கு, இயற்பியல் எடுப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனல் வாங்கினாலும் பக்கத்திலேயே ஒரு வைட்போர்டு கட்டாயம் இருக்கட்டும். படமும் அசைவும் பேனலில், படிப்படியான வேலை வைட்போர்டில். கரும்பலகையை விட வைட்போர்டு ஏன் என்றால், சாக்பீஸ் தூள் பேனலின் விளிம்புச் சட்டத்தில் படிவதைத் தவிர்க்கலாம்.

அந்தச் சட்டத்தில்தான் தொடு நுட்பமே இருக்கிறது. பெரும்பாலான பேனல்களில் கண்ணாடிக்கு மேலே நான்கு பக்கச் சட்டத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. விரல் குறுக்கே வந்து கதிரை மறைத்தால் அந்த இடத்தில் தொட்டதாகக் கணக்கு. மறைப்பது விரலா வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது. முழுக்கைச் சட்டையின் நுனி, முந்தானை, துப்பட்டா எது உரசினாலும் ஒரு கோடு விழும். மாலை வகுப்பில் திரை வெளிச்சத்துக்கு வரும் பூச்சி ஒன்று மூலையில் உட்கார்ந்தால், தானாகவே பக்கம் புரளுவதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். சட்டத்தில் நேர் வெயில் விழுந்தாலும் சில இடங்களில் தொடுதல் சரியாக வேலை செய்யாது.

அப்புறம் எழுதும் வேகம். விலை குறைந்த பேனல்களில் பேனா முன்னே போகும், மை பின்னே வரும். ஆங்கிலத்தில் நாலு எழுத்து கிறுக்கிக் காட்டினால் இது தெரியாது. கடையில் நீங்களே பேனாவை வாங்கி "இளைஞர் அணிந்துரை" என்று உங்கள் வழக்கமான வேகத்தில் எழுதிப் பாருங்கள். ளை, ஞ, ணி எல்லாம் சுழி நிறைந்த எழுத்துகள். திரை தாமதித்தால் சுழி மூலையாக உடையும், அல்லது சின்ன வளைவு விழுங்கப்பட்டுவிடும்.

பேனலுடன் சொந்த லேப்டாப்பை இணைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எச்டிஎம்ஐ வயரை மட்டும் செருகினால் படம் வரும், தொட்டால் ஒன்றும் நடக்காது. தொடுதல் தகவல் திரும்பி லேப்டாப்புக்குப் போக ஒரு யூஎஸ்பி வயரும் வேண்டும். பேனல் பக்கம் அது பிரின்டரில் இருப்பது போன்ற சதுர முனை. சாதாரண யூஎஸ்பி வயர் 5 மீட்டருக்கு மேல் நம்பகமாக வேலை செய்யாது என்பதால், லேப்டாப்பை அறையின் மறு மூலையில் வைக்கத் திட்டமிடாதீர்கள். புதிய பேனல்கள், லேப்டாப்கள் பலவற்றில் டைப்-சி வயர் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது.

புரொஜெக்டர் பக்கம்

புரொஜெக்டரும் தொடு பலகையும் எனக்கு இன்றைக்குப் பிடிக்காத வழி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நிலைமை தவிர: அறை நீளமாக இருப்பது.

திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரைதான் எழுத்தை வசதியாகப் படிக்க முடியும் என்பது ஆடியோ-விஷுவல் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. அதன்படி 65 இன்ச் திரைக்குக் கடைசி பெஞ்ச் 16 அடிக்குள் இருக்க வேண்டும், 75 இன்ச்சுக்கு 18 அடி, 86 இன்ச்சுக்கு 21 அடி. நம் ஊர் வகுப்பறைகள் பலவற்றில் கடைசி பெஞ்ச் 22, 24 அடியில் இருக்கும். அங்கே 100 இன்ச் படம் போடும் புரொஜெக்டர்தான் எடுபடும். அதே 100 இன்ச்சில் பேனல் கேட்டால் விலை எங்கோ போய்விடும். டேப் ஒன்றை எடுத்துப் போய் உங்கள் அறையை அளந்துவிட்டு அப்புறம் விலைப்பட்டியலைத் திறங்கள். "65 போதும் சார், உங்க ரூமுக்கு" என்று அறையைப் பார்க்காமலே சொல்பவரை நம்ப வேண்டாம்.

புரொஜெக்டர் என்று முடிவானால் ஷார்ட் த்ரோ வகையே வேண்டும். சாதாரணப் புரொஜெக்டர் அறையின் நடுவிலிருந்து அடிக்கும். எழுதப் போனால் உங்கள் நிழல் எழுத்தின் மேலே, திரும்பினால் வெளிச்சம் கண்ணுக்குள்ளே. ஷார்ட் த்ரோ சுவரிலிருந்து மூன்று நான்கு அடியில் தலைக்கு மேலே நிற்கும், அல்ட்ரா ஷார்ட் த்ரோ சுவரை ஒட்டியே நிற்கும். நிழல் பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

ஆனாலும் தொல்லை முடியாது. படம் விழும் இடமும் பலகை உணரும் இடமும் பொருந்த வேண்டும். அதற்காகத் திரையில் வரும் சிலுவைக் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். புரொஜெக்டர் ஒரு விரல் அளவு அசைந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். ஃபேன் ஓடும்போது லேசாக அதிரும் கூரையில் மாட்டியிருந்தால் இந்த வேலை அடிக்கடி வரும். பேனா ஓரிடத்தில், மை இரண்டு இன்ச் தள்ளி இன்னோரிடத்தில் என்றால் வகுப்பே சிரிக்கும். அடுத்த வாரமே ஆசிரியர் மார்க்கருக்குத் திரும்பிவிடுவார். விளக்கு வகைப் புரொஜெக்டரில் கரண்ட் போனால் சூடான விளக்கைக் குளிர்விக்கும் ஃபேனும் நின்றுவிடும். இது அடிக்கடி நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும். லேசர் வகையில் இந்தக் கவலை குறைவு, 20,000 மணி நேரம் வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், விலையும் அதற்கேற்ப.

நீளமான அறை உள்ளவர்களுக்கு நான் சொல்வது: புரொஜெக்டரை வையுங்கள், தொடு பலகையை விட்டுவிடுங்கள். எழுதுவதற்கு அடுத்து வரும் வழி போதும்.

பலரும் கண்டுகொள்ளாத வழி

பென் டேப்லெட் என்றதும் அது ஓவியர்களுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் மட்டுமே எழுதும் வகுப்புக்கு, குறிப்பாக ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே, எனக்கு முதல் தேர்வு இதுதான். காரணம் எளிது. எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்ட வேண்டாம். பெரிய பேனலில் எழுதும் ஆசிரியர் பாதி நேரம் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறார், எழுதியதைத் தன் உடம்பாலேயே மறைக்கிறார். பென் டேப்லெட்டில் எழுதுபவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார். யார் முகத்தில் குழப்பம், யார் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று உடனே தெரியும். வகுப்பை ஈடுபாட்டோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இதைவிடப் பெரிய வசதி எந்தத் திரையிலும் இல்லை.

பழக வேண்டும் என்பது உண்மை. கை மேசையில், கண் லேப்டாப் திரையில். முதல் சில நாட்கள் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி வரும். தினமும் கொஞ்ச நேரம் எழுதினால் வசப்பட்டுவிடும். பொறுமை இல்லாதவர்கள் திரையோடு வரும் பென் டிஸ்ப்ளே வாங்கலாம், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். மற்றொரு குறை, ஆசிரியர் மேசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். நடந்துகொண்டே பாடம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும்.

அவர்களுக்குத்தான் நான்காவது வழி. கையில் டேப்லெட்டுடன் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கலாம். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் மாணவியிடம் டேப்லெட்டையே நீட்டி, "அடுத்த வரியை நீ எழுதும்மா" என்று சொல்லலாம். அவள் எழுந்து வர வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுவது டிவியில் தெரியும். மேடைக்கு வரக் கூச்சப்படும் பிள்ளைகளும் இதில் எழுதிவிடுவார்கள். லண்டனில் வேகத்தைக் குறைத்த அந்தச் சிக்கலுக்கு நான் பார்த்த வரையில் சிறந்த தீர்வு இது. வைஃபை மோசமாக இருந்தால் மட்டும் திரை தாமதிக்கும், அறுந்து அறுந்து வரும். பள்ளி வைஃபையை நம்பாமல், டேப்லெட்டுக்கும் டிவிக்கும் மட்டும் என்று தனியாக ஒரு சின்ன ரவுட்டர் வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதோடு கூட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று, ஒரு மொபைல் ஸ்டாண்ட். சில நூறு ரூபாய்தான். போனைக் கீழ்நோக்கி மாட்டி, கேமராவை லேப்டாப் வழியாக டிவிக்குக் கொடுத்துவிட்டால், மாணவர் நோட்டை அப்படியே பெரிய திரையில் காட்டலாம். "இவர் மூன்றாவது வரியில் என்ன செய்திருக்கிறார், சரியா?" என்று கேட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தன் நோட்டு திரையில் வருமா என்ற எதிர்பார்ப்பிலேயே பிள்ளைகள் ஒழுங்காக எழுதத் தொடங்குவார்கள். பேர் சொல்லாமல் காட்டுவது முக்கியம், தவறு உள்ள நோட்டாக இருந்தால் இன்னும் முக்கியம். ஒரு செயல்முறையைச் செய்து காட்டவும் இது உதவும். பூவின் மகரந்தத் தாளைக் கத்தியால் பிளப்பதைக் கடைசி பெஞ்ச் வரை காட்ட எந்த ஸ்மார்ட் போர்டாலும் முடியாது, ஒரு போன் கேமராவால் முடியும்.

அலுவலகப் பயிற்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் வீட்டிலிருந்தும் சேரும் கூட்டத்தில், பலகையில் வரைவது அதே நொடியில் வெளியில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். அங்கே பேனல் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆள் குறைவு, அறையும் சின்னது.

மென்பொருளில் கவனிக்க வேண்டியது

திரை பழுதானால் மாற்றலாம். மூன்று ஆண்டுகள் சேர்த்த பாடங்கள் திறக்காமல் போனால் என்ன செய்வது? கூகுள் தன் ஜாம்போர்டு என்ற தொடுதிரைப் பலகைக்கு 2024 செப்டம்பர் 30உடன் ஆதரவை நிறுத்தியது, செயலியையும் அந்த ஆண்டு டிசம்பர் 31இல் மூடிவிட்டது. கூகுளுக்கே அந்த நிலைமை என்றால், பேனலோடு இலவசமாக வரும் பேர் தெரியாத செயலியை நம்பி எதையும் சேர்த்து வைக்க வேண்டாம். எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வையுங்கள். எழுதுவதற்கு ஓப்பன்போர்டு நல்ல தேர்வு. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் முளைத்து, ஜெனீவா கல்வித் துறையில் வளர்ந்த இலவச மென்பொருள். பேனலிலும் பென் டேப்லெட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதற்கு விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ ஓடும் கணினி வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

தமிழில் பாடம் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பிபிடி உங்கள் லேப்டாப்பில் அழகாக இருக்கும். பேனலின் ஆண்ட்ராய்டில் திறந்தால் தமிழ் போய் "jkpo;" மாதிரி ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், ஏனென்றால் அங்கே அந்த எழுத்துரு இல்லை. இனி அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள், பழையதை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அரசுப் பாடநூல்களின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொளி காட்டுவதாக இருந்தால், வகுப்புக்கு முன்பே பதிவிறக்கி வைத்துவிடுங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை 40 பேர் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல வகுப்பைக் கலைப்பது வேறில்லை.

காணொளி என்றதும் ஒரு பக்கப் பேச்சு. பேனல் வந்த பல வகுப்புகளில் நடப்பது, ஆசிரியர் யூடியூபைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பதுதான். அதற்குத் தொடுதிரை தேவையே இல்லை, டிவி போதும்.

வாங்கும் நாளில்

2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர், மானிட்டர், 32 இன்ச்சுக்கு மேலான டிவி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் கையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேளுங்கள். பள்ளிகள் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், வரி சேர்த்த தொகையைத்தான் விலை என்று ஒப்பிட வேண்டும். மாட்டும் கூலி, ஸ்டாண்ட், வயர், யூபிஎஸ் எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். 75 இன்ச் பேனல் ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும். செங்கல் சுவர் என்றால் சரி, ஜிப்சம் தடுப்பு என்றால் ஸ்டாண்ட்தான். வாரண்டியில் கண்ணாடி உடைவது சேராது, எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பழுது பார்க்க ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா, இல்லை நீங்கள் அந்த ஐம்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

டெமோவை ஷோரூமில் பார்க்காதீர்கள். அங்கே வெளிச்சமும் தூரமும் அவர்களுக்குச் சாதகமாக இருக்கும், எழுதிக் காட்டுபவரும் கை தேர்ந்தவராக இருப்பார். உங்கள் வகுப்பறையில், ஜன்னல் திறந்திருக்கும் காலை பதினொரு மணிக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் என்றால் ஒதுங்கிப் போகும் ஆசிரியர் ஒருவரிடம் பேனாவைக் கொடுத்துப் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அங்கிருந்து அவர் எழுதியது படிக்க முடியவில்லை என்றாலோ, அவர் மூன்றாவது நிமிடத்தில் மார்க்கரைத் தேடினாலோ, அந்த மாடலை அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.